எடை பார்த்து மருந்து: தாதி அக்காவிடம் கேளுங்கள்

குழந்தைகள் வார்டில் 22 ஆண்டு வேலை பார்த்தவள் நான். மருந்துக் கணக்கு மட்டும் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம் வேண்டாம்.

ஜூரோங் மாணவி: 12 கிலோ குழந்தை. பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் அக்கா?

எந்தப் போத்தலிலிருந்து என்று சொல்லவில்லையே! தேவை 12 × 15 = 180 மில்லிகிராம். இங்கே சிங்கப்பூரில் கிடைக்கும் சிரப்பில் இரண்டு வீரியம் உண்டு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லியில் 24, ஆகவே 7.5 மில்லி. 5 மில்லியில் 250 என்றால் ஒரு மில்லியில் 50, வெறும் 3.6 மில்லி. போத்தல் மாறி 7.5 ஊற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். முதலில் லேபிளைப் படியுங்கள்.

ஈசூன் மாணவர்: தேவையான மருந்தைப் போத்தலில் இருக்கும் மருந்தால் வகுத்து, அது கலந்திருக்கும் மில்லியால் பெருக்கும் சூத்திரம் போதாதா?

விடை வரும். அது தவறான விடை என்றால் சூத்திரம் வாய் திறக்காது.

ஈசூன் மாணவர்: தேர்வில் அதைத்தானே கேட்கிறார்கள்?

தேர்வில் எழுதுங்கள் தம்பி. ஒருநாள் இரவு 3 மணிக்கு, 0.5 மில்லி என்பதை நான் முன்பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினேன். புள்ளி மங்கிவிட்டது. சரிபார்க்க வந்த தோழி, “இந்தச் சின்ன உடம்புக்கு 5 மில்லியா?” என்று சிரிஞ்சைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். அவர் சூத்திரம் போடவில்லை. கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

உட்லண்ட்ஸ் தாதி: இரத்த அழுத்தத்தை உயர்த்தச் சொட்டாக ஏற்றும் டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. 50 மில்லியில் 200 மில்லிகிராம் கலந்திருக்கிறது. மணிக்கு எத்தனை மில்லி?

5 × 60 × 60 = மணிக்கு 18,000 மைக்ரோகிராம். முதல் 60 எடை, அடுத்தது நிமிடம். ஒன்றை விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஒரு மில்லியில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். மணிக்கு 4.5 மில்லி.

தெம்பனிஸ் மாணவி: எடையைத் தாயிடம் கேட்டு எழுதலாமா?

தராசு எதற்கு இருக்கிறது? கிலோவில் நிறுங்கள். பவுண்டு எண்ணைக் கிலோ என்று எழுதினால் 2.2 மடங்கு மருந்து.

பீஷான் மாணவர்: சூத்திரம் என்ன அக்கா?

ஈசூன் தம்பி மேலே எழுதியிருக்கிறார்.

ஒரு தகப்பனார்: மகளுக்குக் காய்ச்சல். எவ்வளவு கொடுக்கலாம்?

பார்க்காத பிள்ளைக்கு அளவு சொல்ல மாட்டேன். போத்தலோடு மருந்தாளரிடம் போங்கள்.

ஜூரோங் மாணவி: லேபிளைப் பார்த்தேன் அக்கா. 250. நான் 7.5 என்று எழுதி வைத்திருந்தேன்.

அடித்துவிட்டு 3.6 என்று எழுதுங்கள். அந்த 12 கிலோ என்றைக்கு நிறுத்தது?