விதவையின் காசு: ஓரத்தில் வெட்டுத்தடம் இருந்தால் போலியா?

கேள்வி: சென்ற ஆண்டு எருசலேமுக்குத் திருப்பயணம் போனபோது, வேதாகமத்தில் ஏழை விதவை ஆலயக் காணிக்கையாகப் போட்ட ‘விதவையின் காசு’ என்று, பழைய நகரத்துக் கடை ஒன்றில் ஒரு சிறிய வெண்கல நாணயம் வாங்கினேன். இயேசுவின் காலத்தது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் நட்சத்திரம். ஓரத்தில் இரண்டு இடங்களில் வெட்டிய தடம் இருப்பதால் இது வார்த்தெடுத்த போலி என்கிறார் என் நண்பர். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: வெட்டுத்தடத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம், சொல்லப்போனால் அது உங்களுக்குச் சாதகமான அடையாளம். இது யூதேயாவை கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட, அஸ்மோனியர் என்னும் யூத அரசகுலத்தைச் சேர்ந்த அரசர் அலெக்சாண்டர் யன்னேயு வெளியிட்ட புருட்டா என்னும் காசின் வகை. சுண்ணக்கல் பலகையில் வரிசையாகக் குழிகள் குடைந்து, அவற்றைச் சிறு வாய்க்கால்களால் இணைத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். சரடுபோல ஒட்டிவரும், உருவம் பதிக்காத அந்த வெற்று வில்லைகளைத் துண்டித்த இடம்தான் எதிரெதிர் ஓரங்களில் தடமாக நிற்கிறது. வில்லை வார்த்தது, உருவமோ அச்சு வைத்து அடித்தது. நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

நீங்கள் அஞ்ச வேண்டியவை வேறு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது ஓரம் முழுவதும் ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் காற்றுக் குமிழி வெடித்த குழிகள் தெரிந்தாலோ, எழுத்துகள் கரைந்த சோப்பைப்போல் மழுங்கியிருந்தாலோ ஐயப்படுங்கள். அதே கோணல், அதே உடைசலோடு அச்சு அசலாக இன்னொரு காசு அதே கடையில் கிடந்திருந்தால் ஐயமே வேண்டாம், போலிதான்.

நங்கூரத்தைச் சுற்றி ‘அலெக்சாண்டர் அரசருடையது’ என்று கிரேக்கத்திலும், நட்சத்திரக் கதிர்களுக்கிடையே ‘யெஹோனத்தான் அரசர்’ (அது அவருடைய எபிரேயப் பெயர்) என்று பழைய எபிரேய எழுத்திலும் இருக்க வேண்டும். நங்கூரம், முன்பு சிரியாவை ஆண்ட செலூக்கியர் என்னும் கிரேக்க அரசர்களிடமிருந்து வந்த சின்னம். கிரேக்க அரசர்களைப்போல் தம் முகத்தை மட்டும் அவர் பொறிக்கவில்லை, அதை யூத மரபு ஏற்காது. பெரும்பாலும் 2 கிராமுக்கும் குறைவான இந்தக் காசுகளை மையம் விலகியே அடித்திருப்பதால், பாதி எழுத்து காணாமல் போயிருப்பது குறையாகாது.

அட்டையில் எழுதியிருப்பது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. காசு அடித்தது இயேசுவுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பு. ஆனாலும் அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தது. தமிழ் வேதாகமம் ‘ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு’ என்கிறது. (அந்தத் துட்டே டச்சுக்காரர்கள் கொண்டுவந்த சொல், மொழிபெயர்த்தவர்கள் கடைவீதிச் சொல்லைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.) கிரேக்க மூலத்தில் உள்ள ‘லெப்டன்’ மிகச் சிறிய காசைக் குறிக்கிறதே தவிர, எந்த அரசருடையது என்று சொல்லவில்லை. ஆகவே விதவை போட்டது இந்த வகையாக இருக்கலாம் என்பதற்குமேல் எந்தக் கடைக்காரரும் உறுதி தர முடியாது. இவை ஏராளமாகக் கிடைப்பவை. தேய்ந்தவை சில பத்து டாலருக்கே விற்கின்றன. நூற்றுக்கணக்கில் கொடுத்திருந்தால் மிச்சத் தொகை கதைக்குத்தான் போயிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இஸ்ரேலின் 1978ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இவற்றை விற்க உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். கடைக்காரர் எழுதித் தந்த ‘அசல்’ அட்டை அந்த அனுமதிச் சீட்டு ஆகாது. கடையின் உரிம எண்ணையும் ஏற்றுமதி அனுமதி நகலையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போலி என்று வல்லுநர் எழுத்தில் உறுதிசெய்து, நீங்கள் கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், வங்கியிடம் தகராறு பதிவு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் ‘யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு வகை’ என்று தீரு நகரத்துச் சேக்கல் இரண்டாயிரம் ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அசல் அந்த விலைக்கு வராது. தீரு நகரத்துத் தெய்வமான மெல்கார்ட்டின் தலையும் மறுபக்கம் கழுகும் கொண்ட இந்த வெள்ளி நாணயத்தில், கழுகுக்கு முன்னால், கி.மு. 126/125 முதல் எண்ணிய ஆண்டு கிரேக்க எழுத்துகளில் இருக்கும். எடை ஏறக்குறைய 14 கிராம். எருசலேம் ஆலயவரிக்குப் பயன்பட்ட நாணயம் என்பதால் தேவை மிகுதி, அதனால் போலியும் மிகுதி. இரு பக்கமும் ஓரமும் தெரியும் படங்கள், எடை, முன்பு எந்த ஏலத்தில் அல்லது யார் சேகரிப்பில் இருந்தது என்ற விவரம், போலி என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்துப்பூர்வ உறுதி ஆகிய நான்கையும் தராதவரிடம் பேரம்கூடப் பேசாதீர்கள்.

கேள்வி: பழைய வெண்கலக் காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குத்துவிளக்கு வேறு, இது வேறு. அந்தப் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும், விலையும் போய்விடும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் அதைத் தனியே ஈரமில்லாத டப்பாவில் வைத்து, நாணயப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.