அம்பாசிடர் இன்ஜினை இறக்குவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 பெட்ரோல் கார் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறது. ஆயிலும் வேகமாகக் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் நிதானமாகச் சுற்றிவரவும், ஆண்டுக்கு ஓரிரு முறை உதகைக்குப் போய்வரவும் மட்டுமே இந்தக் காரைப் பயன்படுத்துகிறோம். மெக்கானிக், "இன்ஜினை இறக்கிவிடலாம், 40 சைஸ் பிஸ்டன் செட் வாங்கி வந்துவிடுங்கள்" என்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்? இத்தோடு சக்தியையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பிஸ்டன் செட்டை இப்போது வாங்காதீர்கள். 40 சைஸ் என்றால் மூல அளவைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரியது என்று பொருள். எந்த அளவு பிஸ்டன் வேண்டும் என்பதை உங்கள் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடலை) அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். முதலில் பிஸ்டனை வாங்கிவிட்டு, அதற்கேற்பப் போர் அடிக்கும் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்) வழக்கத்தால்தான் 20 சைஸில் முடிந்திருக்க வேண்டிய பிளாக்குகள் தேவையின்றி 40 வரை தேய்க்கப்பட்டு, அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புதிய உறை) போட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகின்றன.

இன்ஜினை இறக்குவதற்கு முன்பே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை அழுத்தம் நன்றாக உயர்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். உயராவிட்டால் வால்வுகளிலோ ஹெட் கேஸ்கெட்டிலோதான் கோளாறு. புகை வரும் நேரமும் ஒரு தடயம். மேட்டில் இழுக்கும்போது வரும் நீலப் புகை பெரும்பாலும் ரிங் தேய்மானம். இறக்கத்தில் காலை எடுத்துக்கொண்டே வந்து மீண்டும் மிதிக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ரிங் பக்கமே சந்தேகம் போகிறது.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும்படி ஒரு படி இருந்தால், மேல் ரிங் ஏறி இறங்கிய இடம் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜினின் மூலப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மில்லிமீட்டர். போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், கிராங்கின் நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்குவாக்கில் ஒரு முறையுமாக ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்லி, அந்த எண்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கில் மிக மோசமாகத் தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்யப் போதுமான மிகச் சிறிய ஓவர்சைஸ் எதுவோ, அதுவே உங்கள் பிஸ்டனின் அளவு. பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகு, அவற்றை லேத் பட்டறையில் கொடுத்து, அந்தந்தப் பிஸ்டனுக்கே அந்தந்தச் சிலிண்டரைப் பொருத்திப் போர் அடித்து ஹோன் செய்யச் (உட்சுவரை நுண்ணியதாகத் தீட்டச்) சொல்ல வேண்டும்.

கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. இந்த 1489 சிசி இன்ஜினில் நான்கு சிலிண்டர்களுக்குச் சேர்த்து மூன்று மெயின் பேரிங்குகள்தான் உண்டு. ஆகவே இரண்டு தாங்கல்களுக்கு இடையிலும் இரண்டு சிலிண்டர்களின் உதைப்பைக் கிராங்க் தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறது. கிரைண்டிங் செய்யும்போது, ஜர்னல் (பேரிங்கில் சுழலும் கிராங்கின் உருண்டைப் பகுதி) பக்கச்சுவரோடு சேரும் மூலையில் உள்ள வளைவை அப்படியே காப்பாற்ற வேண்டும். அவசரத்தில் அந்த மூலையைக் கூர்மையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஓடும் கிராங்க் இரண்டாக முறிவதற்கும் அதுவே காரணமாகிறது. கிரைண்டிங்குக்கு முன் விரிசல் சோதனை செய்யுங்கள். பிறகு கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட் கவர் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்துவிடுங்கள். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடை பார்த்துச் சமப்படுத்துங்கள். நிதானமாக உலாவரும் காருக்கு நீங்கள் செலவிடும் பணத்தில் இதைவிட நல்ல பலன் தரும் வேலை வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்டீரிங்கில் வரும் அதிர்வு குறைவதை முதல் நாளே உணர்வீர்கள்.

ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) போட்டுவிடுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. வால்வு சீட்டின் மேல் படிந்த ஈயப் பூச்சுதான் வார்ப்பிரும்பைக் காத்துவந்தது. நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல் வந்துவிட்டதால், உதகை போன்ற நீண்ட ஏற்றங்களில் எக்ஸாஸ்ட் சீட் மெல்ல மெல்லக் குழிந்துபோகிறது. சரிசெய்த டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே வந்தால் அதுவே அடையாளம்.

சக்தியைக் கூட்டும் ஆசையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். இதன் ஹெட்டில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே இன்லெட் வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. எவ்வளவு செலவு செய்தாலும் அந்த வழி ஓர் எல்லைக்கு மேல் காற்றை விடாது. ஏறத்தாழ 50 குதிரைத்திறன் உள்ள இந்த இன்ஜினின் அருமை, குறைந்த வேகத்திலேயே டாப் கியரில் அலுங்காமல் இழுக்கும் குணத்தில் இருக்கிறது. வேகமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் முதலில் காணாமற்போவது அந்தக் குணம்தான். கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் பழைய அளவிலேயே புதியது போட்டு, டாப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மிச்சப் பணத்தை ரேடியேட்டருக்குச் செலவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வை) கழற்றி எறிவது வேண்டாம். 74 டிகிரி செல்சியஸில் திறக்கும் ஒன்றைப் போட்டாலே போதும். சூடேறாமல் ஓடும் இன்ஜினில் ஆயில் நீர்த்துப்போய், நீங்கள் புதிதாக அடித்த போர் சீக்கிரம் தேயும்.

கேள்வி: சென்ற மாதம்தான் இன்ஜின் வேலை முடித்தோம். ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்திவைத்தால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலிருந்து சில துளி ஆயில் சொட்டுகிறது. வேலை சரியில்லையா?
— மதுரை வாசகர்

பதில்: சில துளிகள்தாம் என்றால் கவலைப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. அங்கே மரை போல வெட்டப்பட்ட ஒரு பள்ளம், கிராங்க் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. சுழற்சி நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடுவதால், முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தினால் சொட்டத்தான் செய்யும். சொட்டு ஓட்டமாக மாறினால் முதலில் பிரீத்தர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் ஆயில் அந்தப் பள்ளத்தையும் மீறி வெளியே வரும். அதோடு, முதல் 800 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளைத் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுக்கு மீண்டும் இறுக்கி, அதன் பிறகு டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு உள்ள 20W-50 மினரல் ஆயில் இந்த வகை டாப்பெட்டுக்கு ஏற்றது.

கேள்வி: பழைய இன்ஜினுக்குச் செலவழிப்பதைவிட, பின்னாளில் வந்த இசுசு 1800 இன்ஜினை வைத்துவிடலாமே?
— சென்னை வாசகர்

பதில்: 1990-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அந்த இன்ஜினை ஐந்து கியர்களுடன் அம்பாசிடரில் வைத்து விற்றதால், அது இந்த உடலுக்குப் புதிதன்று. ஆனால் அதைச் செய்தால் பிரேக்கையும் அந்தச் சக்திக்கு ஏற்ப மேம்படுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிவுசெய்யவும் வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட வின்டேஜ் பதிவை நீங்கள் எப்போதாவது நாடினால், இன்ஜினை மாற்றிய கார் அதற்குத் தகுதி பெறுவது கடினம். அந்தப் பதிவு பெற்ற காரை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நாள்தோறும் விரைய வேண்டும் என்றால் இசுசு பொருத்தமானது. இல்லையென்றால் பழைய இன்ஜினையே சீராக்குங்கள்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கள் பழைய காருக்கு ஒத்துக்கொள்ளுமா? இன்ஜின் வேலையின்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?
— திருச்சி வாசகர்

பதில்: செய்ய வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்பரேட்டரின் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனால் உப்பவும் இளகவும் செய்யும். எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் அவற்றை மாற்றிவிடுங்கள். கலவையில் காற்றின் பங்கு கூடிவிடுவதால் கார்பரேட்டரைச் சற்றுப் பெட்ரோல் கூடுதலாகத் திருத்தி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் இன்னும் போதவில்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஆகவே வாரக்கணக்கில் நிற்கும் கார் என்றால் டேங்கை ஏறக்குறைய நிரப்பியே வையுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.