துலாக் கட்டம் இருக்கிறது, தண்ணீரைக் கேளுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் பாத் என்ற ஊருக்குப் போய்வந்தேன். ஒரு வெந்நீர் ஊற்றும் ரோமானியர் காலத்துக் குளமும் ஊரையே வாழவைக்கின்றன. காவிரி பாயும் நம் டெல்டாவில் அப்படி ஒரு நீராடும் ஊர் ஏன் உருவாகவில்லை? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உருவாகவில்லை என்று யார் சொன்னது? கும்பகோணத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாயவரம். 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்ற சொலவடை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 1982-இல் பெயர் மயிலாடுதுறை என்று மாறியது. காவிரியில் நீராடும் படித்துறையான துலாக் கட்டம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஊரார் பாவத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட கங்கை, அதைக் கரைக்க ஐப்பசியில் இங்கே வந்து முழுகினாள் என்கிறது தலபுராணம். அந்த மாதம் முழுவதும் நீராடல். கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்கு மறுநாளை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். கால் நடக்க முடியாத ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவருக்காகக் கார்த்திகை முதல் நாளுக்கும் இறைவன் அதே பலனைக் கொடுத்தார் என்பது ஐதீகம். இன்றும் அன்றைக்கு 'முடவன் முழுக்கு' என்றே பெயர். பிந்தி வந்தவருக்கென்று ஒரு நாளை எடுத்துவைத்த ஊர் ஐயா இது!

நோய் தீரக் குளிக்கும் ஊரும் வேண்டுமா? பக்கத்திலேயே வைத்தீஸ்வரன்கோயில். சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தால் கட்டியும் தோல் நோயும் கரையும் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வருகிறார்கள்.

பாத் நகரிடம் நாம் கற்க வேண்டியது வேறு. அந்த ஊரின் ஊற்றுநீரில் 1978-இல் நீந்திய ஒரு சிறுமி, நீரிலிருந்த அமீபா கிருமி தாக்கி இறந்துபோனாள். அந்த ஊற்றுநீரில் நீராடுவதையே நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஆழ்துளை போட்டு, நல்ல ஊற்றுநீர் எடுத்து, வேறொரு குளியல் கூடத்தை 2006-இல் திறந்தார்கள். நீங்கள் பார்த்த பழைய குளத்தில் இன்றும் விரலை நனைக்கக்கூடாது. குளியலால் பெயர் பெற்ற ஊர், தண்ணீர் கெட்டது என்று தெரிந்ததும் குளியலையே நிறுத்தியது.

நாம்? காவிரிக் கரை ஊர்களின் சாக்கடையை ஆற்றில் இறக்கிவிட்டு, திருவிழா நெருங்கும்போது படித்துறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. மாயவரத்துக்குச் சொகுசு விடுதி வேண்டாம், வண்ண விளக்கும் வேண்டாம். ஐப்பசியில் மார்பளவு ஓடும் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு சொட்டுக் கழிவும் கலக்கக்கூடாது.

வரும் ஐப்பசியில் குடும்பத்தோடு போய் முழுகுங்கள். நடு ஆற்றில் இருக்கும் நந்தியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கரையோடு சிறிது தூரம் நடந்து, எங்கெங்கே கழிவுக் குழாய் ஆற்றுக்குள் இறங்குகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.