படமும் ஏமாற்றியது, குறுந்தகட்டில் குரலும் வேறு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் தக்கலையில் வசிக்கிறேன். ராக் இசையில் ஈடுபாடு கொண்ட என் தங்கை மகனுக்காக, 2002இல் வெளிவந்த 'குயின் ஆஃப் தி டேம்ன்ட்' என்ற ஆங்கில இரத்தக்காட்டேரிப் படத்தை இணையத்தில் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு பார்த்தோம். பாடல்களைத் தவிர எதுவும் தேறவில்லை. அந்தப் பாடல்களுக்காகவே இணைய அங்காடி ஒன்றில் குறுந்தகட்டை வாங்கினேன். அதில் ஒலிப்பதோ படத்தில் கேட்ட குரல் அன்று. தகடு போலியா? இரண்டுக்கும் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற இயலுமா?

பதில்: குறுந்தகட்டைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஆயினும், குரல் வேறு என்பதை மட்டும் வைத்து அதைப் போலி என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தில் லெஸ்டாட் என்ற காட்டேரி ராக் பாடகனாக மேடையேறுகிறான். அவனுக்கான பாடல்களை 'கோர்ன்' இசைக்குழுவின் பாடகர் ஜொனாதன் டேவிஸும் ரிச்சர்ட் கிப்ஸும் சேர்ந்து உருவாக்கினார்கள். படத்தில் நீங்கள் கேட்டது டேவிஸின் குரல். ஆனால் வேறொரு இசை நிறுவனத்துடன் அவருக்கு இருந்த ஒப்பந்தம் காரணமாக, விற்பனைக்கு வந்த தொகுப்பில் அவர் பாட இயலாமல் போயிற்று. எனவே வெய்ன் ஸ்டேடிக், டேவிட் டிரெய்மன், செஸ்டர் பென்னிங்டன், மர்லின் மேன்சன், ஜே கோர்டன் ஆகிய ஐவரும் ஆளுக்கொரு பாடலைப் பாடினார்கள். உங்கள் தகட்டின் உறையில் இப்பெயர்கள் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், விற்றவர் எதையும் மறைக்கவில்லை. மாறாக, பாடியவர் டேவிஸ் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால், விவரித்ததற்கு மாறான பொருளை விற்றிருக்கிறார் என்றே பொருள். அப்படிப்பட்ட பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மறுக்கக் கூடாது என்பதும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை அளித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் உள்ளன. அந்தப் பக்கம் மாற்றப்படுவதற்கு முன்பே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பொறுத்தவரை உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கொடை விழாவில் நீலி கதையை விடிய விடிய விரித்துப் பாடும் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த நம் மாவட்டத்தவருக்கு, ஆன் ரைஸின் இரண்டு பெரிய நாவல்களிலிருந்து எடுத்த கதையை ஏறத்தாழ நூறு நிமிடத்தில் முடித்துவிடும் படம் அரைகுறையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனினும், கதை பிடிக்காமல் போவது சேவைக் குறைபாடு ஆகாது. முன்னோட்டத்தில் வந்த பாடல் படத்தில் இல்லை என்று 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் மீது ஒருவர் தொடுத்த வழக்கில், மாநில நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத் தொகையும் வழங்க உத்தரவிட்டது. தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முன்னோட்டம் என்பது பார்வையாளரை ஈர்ப்பதற்கானதே அன்றி ஒப்பந்த வாக்குறுதி அன்று என்று தெளிவுபடுத்தியது. பாடலே இல்லாத வழக்கின் முடிவு இதுவென்றால், பாடல்கள் நன்றாக இருந்து கதை மட்டும் சோர்வூட்டிய உங்கள் வழக்கு நிற்காது.

வாடகைக்கு எடுத்த படம் ஓடாமல் நின்றுபோனாலோ, ஒலி வராமல் போனாலோ, இருப்பதாகக் குறிப்பிட்ட வசன வரிகள் இல்லாமல் இருந்தாலோ நிலைமை வேறு. அவை சேவைக் குறைபாடுகள். வாடகைக் காலம் பெரும்பாலும் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரமே என்பதால், அத்தகைய குறையை அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

விற்பனைப் பக்கத்தில் உண்மையிலேயே தவறான விவரம் இருந்து, அங்காடியும் கைவிரித்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் உறையில் அந்த ஐந்து பெயர்களும் இருந்து, விற்பனைப் பக்கத்திலும் தவறு இல்லையென்றால், புகார் எழுத வேண்டாம். தகட்டை உங்கள் தங்கை மகனிடமே கொடுத்துவிடுங்கள்.