பள்ளியின் எந்தப் பக்கத்தில் வீடு பார்க்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது ஆகிறது, அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்க வேண்டும். சொந்த வீடு வாங்குவதற்காக இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, நாங்கள் விரும்பும் பள்ளியின் வாயிலுக்கு நேர் எதிரே முதல் மாடியில் இருக்கிறது. அதன் படுக்கையறைச் சன்னல் சாலையைப் பார்த்தபடி அமைந்துள்ளது. மற்றொன்று அதே பள்ளியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளி, ஓர் உள்தெருவில் இருக்கிறது. என் கணவருக்கு மாதத்தில் பாதி நாட்கள் இரவுப் பணி. எழுபது வயதான என் அம்மாவும் எங்களுடன் வசிக்கிறார். பள்ளிக்கு மிக அருகிலேயே குடியிருப்பது நல்லதா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் குடும்ப நிலையில், 600 மீட்டர் தள்ளியுள்ள வீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். காரணங்களுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீடு தேடுவோர் ‘பள்ளிக்கு அருகில்’ என்று சொல்லும்போது அது ஒரே வகையான இடம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் வாயில் பக்கம், விளையாட்டுத் திடல் பக்கம், வகுப்பறைகளின் பின்சுவர்ப் பக்கம் என்று தனித்தனி இயல்புடைய பக்கங்கள் உண்டு. பின்சுவரை ஒட்டிய வீட்டில் பகல் முழுவதும் மெல்லிய முணுமுணுப்புக்கு மேல் எதுவும் கேட்காமல் போகலாம்; அதே பள்ளியின் வாயிலுக்கு எதிரே குடியிருப்பவர், தம் வண்டியை வெளியே எடுக்கக் காலையில் அரை மணி நேரம் காத்திருக்க நேரலாம். ஆகவே எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன், எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது ஒலி. பகலில் தூங்கியாக வேண்டிய ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தூக்கம் கலையாமல் இருக்கப் படுக்கையறைக்குள் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. சன்னல் ஓரளவு திறந்திருந்தால் வெளியிலிருந்து வரும் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல்தான் குறையும். அப்படியானால் சன்னலுக்கு வெளியே 45 டெசிபலுக்குள் இருந்தாக வேண்டும். பள்ளி நடக்கும் நாளில் வாயிலுக்கு எதிரே அந்த அமைதியை எதிர்பார்க்க முடியாது. மேலும், தூக்கத்தைக் கெடுப்பது சராசரி ஒலி மட்டுமன்று. மணி அடிப்பது, ஒலிபெருக்கியில் அறிவிப்பு எழுவது, இடைவேளையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நொடியில் வெளியே பாய்வது போன்ற திடீர் ஒலிகளே உறங்குகிறவரைத் தூக்கிப்போடுகின்றன. நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு பள்ளித் திடலின் மதிலை ஒட்டிக் குடியிருந்தேன். பிள்ளைகளின் கூச்சல் எனக்கு விரைவில் பழகிவிட்டது. மணியோசை கடைசி ஆண்டு வரை பழகவில்லை.

தொலைவு இதில் பெரும் உதவி செய்கிறது. திறந்த வெளியில், ஓரிடத்திலிருந்து கிளம்பும் ஒலி, தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 15 மீட்டரில் கேட்கும் மணியோசை 600 மீட்டரை எட்டும்போது 30 டெசிபலுக்கும் மேல் தணிந்திருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஒலி பாதியாகிவிட்டது போலத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இடையில் கட்டடங்கள் நின்றால் இன்னும் நல்லது. மதில் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். ஒலி எழும் இடத்துக்கும் நம் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டை மறைத்தால்தான் மதிலால் பயன் உண்டு. முதல் மாடியில் நின்று திடலைப் பார்க்க முடிகிறது என்றால் அந்த மதில் உங்களுக்கு ஒலியைத் தடுக்காது.

அடுத்தது வாகன நெரிசல். காலை நேரம்தான் கடுமையானது என்று பலரும் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் பிற்பகலே கடுமையானது. காலையில் பிள்ளையை இறக்கிவிட ஒரு நிமிடம் போதும். வண்டிகள் வந்த வேகத்தில் கிளம்பிவிடும். பிற்பகலில் பெற்றோர் முன்கூட்டியே வந்து, நிழலும் இடமும் கிடைத்த பக்கம் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள். சிலர் எஞ்சினையும் அணைக்க மாட்டார்கள். அந்தப் புகையில் உள்ள நுண்துகள்களும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நேராக வந்து சேர்வது, சாலையைப் பார்த்த கீழ்த்தள, முதல் மாடிச் சன்னல்களுக்குத்தான். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-லேயே பள்ளி தொடங்கும், முடியும் வேளைகளில் வாயில் சாலைகளில் வாகனங்களைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் லண்டன் உள்ளிட்ட நகரங்களிலும் அது பரவியது. உங்கள் சாலையில் அத்தகைய ஏற்பாடு இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஆனால் அந்த வேளைகளில் உங்கள் வண்டிக்கு அனுமதி உண்டா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மகளின் பக்கத்திலிருந்து பார்ப்போம். 600 மீட்டர் என்பது சிறுபிள்ளையின் நடையில் ஏறக்குறைய 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நான் இழப்பாக எண்ணவே மாட்டேன். பள்ளியில் நடந்ததை ஒரு குழந்தை தானாகவே சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் கைபிடித்து நடந்து வரும் அந்த வேளையில்தான். அதைவிட முக்கியமான கேள்வி, வழியில் எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும் என்பது. வரும் வாகனத்தின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறுவயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. எனவே பெருஞ்சாலை குறுக்கிடாத 600 மீட்டர், பெருஞ்சாலை ஒன்றைக் கடக்க வேண்டிய 200 மீட்டரைவிடப் பாதுகாப்பானது. உள்தெருவிலிருந்து வாயில் வரை ஒருமுறை மகளுடன் நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே அறுபடுகிறது, எந்தத் திருப்பத்தில் ஓட்டுநருக்குக் குழந்தை தெரியாது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரிவதில்லை.

வாயிலுக்கு எதிரே இருப்பதன் நன்மைகளை நான் மறுக்கவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் அழைத்து வந்துவிடலாம். மறந்துவிட்ட நோட்டுப் புத்தகம் ஒரு பெரிய துயரமாக மாறாது. நான்கைந்து ஆண்டுகளில் மகள் தனியாகவே போய்வரும் விடுதலையைப் பெறுவாள். பள்ளியோடு சுமுகமாக இருக்கும் குழந்தைக்கு இவை நிறைவு தரும். ஆனால் வகுப்பில் யாரோ ஒருவரின் சீண்டலுக்கு ஆளாகும் குழந்தைக்கு, வீட்டுச் சன்னலைத் திறந்தாலும் அதே வாயில் தெரிவது பாரமாகிவிடும். பெற்றோர் இதை எளிதில் கவனிப்பதில்லை என்பதால்தான் குறிப்பிடுகிறேன்.

அருகில் வீடு வாங்கிவிட்டால் சேர்க்கை உறுதி என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். சில பள்ளிகள் தொலைவைக் கணக்கில் கொள்வதே இல்லை. கொள்ளும் பள்ளிகளில் சில நேர்க்கோட்டில் அளக்கின்றன, சில நடைவழியை அளக்கின்றன, இன்னும் சில எல்லை வகுத்து அதற்குள் இருப்போரைச் சேர்க்கின்றன. எல்லைகள் மாற்றி வரையப்படுவதும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளின் விலையை ஒப்பிட்டுப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்த பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வந்ததைக் காட்டியது. அவர்கள் கூடுதல் விலை கொடுத்தது சேர்க்கை உரிமைக்காக. வாயிலுக்கு எத்தனை அடி என்பதற்காக அன்று. உங்களுடைய இரண்டு வீடுகளும் ஒரே எல்லைக்குள் இருந்தால் அந்த உரிமை இரண்டுக்கும் ஒன்றேதான். பள்ளியிடம் எழுத்து வடிவில் கேட்டு விடை பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் முடிந்துவிடும்; வீட்டுக் கடனோ இருபது ஆண்டுகள் நீளக்கூடியது. மகள் வேறு பள்ளிக்குப் போன பிறகும் அதே மணி உங்கள் சன்னலுக்கு வெளியே அடித்துக்கொண்டிருக்கும். விற்க நினைக்கும்போது சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்கள் விரும்பி வரலாம். அமைதி தேடும் மற்றவர்கள் அந்த வாயிலைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள்.

அம்மாவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பிள்ளைகள் போவதும் வருவதும் முதியவர்களுக்கு நல்ல துணை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாலையிலும் விடுமுறையிலும் பள்ளிச் சுற்றுப்புறம் போல அடங்கிக்கிடக்கும் இடம் நகரத்தில் அரிது. அவருடைய பகல் தூக்கம் மட்டும் இடைவேளை மணியோடு மோதும்.

இன்னமும் எதிர் வீட்டின் மீதே உங்கள் மனம் நின்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பள்ளி நாளில் பாருங்கள். வீடுகளைப் பெரும்பாலும் வார விடுமுறையில்தான் காட்டுகிறார்கள். அன்று பள்ளி மூடியிருக்கும், சாலை வெறிச்சோடியிருக்கும், வீடு சொர்க்கமாகத் தெரியும். வேலை நாளில் பள்ளி தொடங்கும் வேளை, நடுப்பகல் இடைவேளை, பள்ளி விடும் வேளை என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது படுக்கையறையில் உட்கார்ந்து பாருங்கள். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிடுவதற்கு உதவும். பள்ளி புதிய மாடி எழுப்பவோ, திடலை மாலை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடவோ திட்டமிட்டிருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த வீட்டின் பின்பக்கத்தில் சாலையைப் பாராத அறை ஏதேனும் இருந்தால், இரவுப் பணி முடித்து வரும் உங்கள் கணவரை ஒரு பள்ளி நாளில் அங்கே இரண்டு மணி நேரம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர் அதற்கு மறுக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். உங்கள் கணவருக்கு அங்கே தூக்கம் வந்தால் என் பரிந்துரையை நானே மாற்றிக்கொள்வேன்.