பெயர் ஒன்று, முதலாளி வேறு

கேள்வி: அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஈகிள்' என்று எழுதிய விமானத்தை ஓட்டுபவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் அல்லர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 'அமெரிக்கன் ஈகிள்' என்பது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பிராந்தியப் பறப்புகளுக்கான பெயர் மட்டுமே. விமானக் கதவருகே சிறிய எழுத்தில் என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ, ஸ்கைவெஸ்ட் போன்ற ஏதேனும் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தின் பெயர் இருக்கும். விமானிக்குச் சம்பளம் தருவது அந்த நிறுவனமே. முதல் மூன்றும் அமெரிக்கனுக்கே சொந்தமானவை. ஸ்கைவெஸ்ட் தனி நிறுவனம், யுனைடெட், டெல்டா ஆகியவற்றுக்காகவும் பறக்கிறது.

இந்த ஏற்பாட்டின் கசப்பான பகுதி பணிமூப்புதான். வழித்தடம், விடுமுறை, கேப்டன் பதவி எல்லாவற்றையும் பணிமூப்பு எண்ணே தீர்மானிக்கிறது. ஆனால் சிறு நிறுவனத்தில் பத்தாண்டுகள் கேப்டனாக இருந்தவரும் பெரிய நிறுவனத்துக்கு மாறினால், பட்டியலின் கடைசியில், துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும். (சீருடையில் ஒரு பட்டை குறையும், அதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.) என்வாய் போன்றவற்றிலிருந்து தாய் நிறுவனத்துக்கு வரிசைப்படி செல்லும் வழி உண்டு.

2009இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே, இத்தகைய பிராந்திய நிறுவனமான கோல்கன் ஏரின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், பிராந்திய விமானிகளின் களைப்பும் குறைந்த ஊதியமும் நாடெங்கும் பேசப்பட்டன. அதன் தொடர்ச்சியாக, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் கட்டாயமாயிற்று. முன்பு 250 மணி நேரமே போதுமானதாக இருந்தது.