தவணையைத் தள்ளிப்போட இன்னொரு படிப்பா?

கேள்வி: வேதியியலில் இளநிலைப் பட்டம் பெறக் கல்விக் கடன் வாங்கினேன். தவணை தொடங்க வேண்டிய நேரத்தில் முதுநிலையில் சேர்ந்ததால் வங்கி அவகாசம் தந்தது. இப்போது அதுவும் முடிந்துவிட்டது. ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஷிப்ட் வேலை, சம்பளமும் குறைவு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் தாய்மாமா, வேதியியலில் எதிர்காலம் இல்லை என்றும், ஓராண்டு டேட்டா சயன்ஸ் படிப்பில் சேர்ந்தால் அதன் கட்டணத்துக்கும் கடன் கிடைக்கும், பழைய தவணையும் தள்ளிப்போகும் என்றும் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: அவகாசக் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சிக்கல் வேதியியலும் அல்ல, குறைந்த சம்பளமும் அல்ல. தவணை நெருங்கும்போதெல்லாம் ஒரு புதிய படிப்புக்குள் ஒதுங்கிக்கொள்வதுதான். முதுநிலையில் சேர்ந்ததற்குத் தவணையைத் தவிர வேறு நியாயமும் இருந்தது, ஏனெனில் இத்துறையில் பல கதவுகள் அந்தப் பட்டத்துக்குப் பிறகே திறக்கின்றன. மூன்றாவது படிப்புக்கு அப்படி ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

குத்துமதிப்பாகக் கணக்கிடுவோம். நீங்கள் வாங்கிய கடனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3 ஆண்டுகளில் தவணைகளாகக் கைக்கு வந்தது, வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம், தனிவட்டிதான் என்று கொண்டாலும், 5 ஆண்டு முடிவில் பாக்கி சுமார் 144. படிப்புக்கு ஓராண்டு, வேலை தேட ஓராண்டு என்று மேலும் 2 ஆண்டு தள்ளினால் அது 166 ஆகும். புதிய படிப்பின் கட்டணம் 50, அதற்கு 14 சதவீத வட்டி என்றால் 2 ஆண்டில் 64 சேரும். ஆக மொத்தம் 230. இன்றே கட்டத் தொடங்கினால் 7 ஆண்டுக்கு மாதம் ஏறத்தாழ 2.5 போதும், 2 ஆண்டு கழித்துத் தொடங்கினால் அதே 7 ஆண்டுக்கு மாதம் 4 தேவைப்படும். கிடைத்திருக்கும் வேலையின் சம்பளம் இதே அளவில் மாதம் 8 என்றால், அடுத்து வரும் வேலை 9.5 தந்தால்தான் தவணை போக இன்று இருக்கும் அதே நிலையிலாவது நிற்பீர்கள். இடையில் இழக்கும் 24 மாதச் சம்பளமான 192, இன்றைய பாக்கியான 144ஐவிடப் பெரிய தொகை. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

தரக்கட்டுப்பாட்டு வேலையைக் கடைநிலை வேலையாக எண்ண வேண்டாம். மருந்தில் கலந்துள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஒரு மாதிரியைச் செலுத்தி முடிவை அச்சிட்டுக் கொடுப்பது எவருக்கும் சில வாரங்களில் கைவந்துவிடும். வரைபடத்தின் முகடு (பீக்) வாலிழுக்கும்போது, பொருட்களைப் பிரிக்கும் குழாய் (column) தேய்ந்துவிட்டதா, அதன் வழியே ஓடும் கரைப்பானின் (மொபைல் ஃபேஸ்) பிஹெச் மாறிவிட்டதா என்று கண்டுபிடித்து, அதைத் தணிக்கையாளர் ஏற்கும்படி பதிவேட்டில் எழுதத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அங்கிருந்து பகுப்பாய்வு முறைகளை உருவாக்கும் பிரிவு, மருந்து ஒப்புதலுக்கான ஆவணப் பிரிவு, கருவி நிறுவனங்களின் தொழில்நுட்ப ஆதரவுப் பணி, காப்புரிமை ஆய்வு எனப் பல பக்கம் நகரலாம். பெயின்ட், பாலிமர், உணவு, குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகங்களிலும் இதே திறமைக்கு இடமுண்டு. ஒரே சோதனையை ஐந்தாறு ஆண்டு செய்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டால் சம்பளமும் உட்கார்ந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன், எந்தெந்தக் கருவிகளில் பயிற்சி தருவார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டேட்டா சயன்ஸ் மோசமான துறை அல்ல. வேலை உறுதி என்று விளம்பரம் செய்து, கடன் விண்ணப்பத்தையும் தாங்களே நிரப்பித் தரும் படிப்புகளைத்தான் நான் நம்புவதில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்குக் கட்டணம் முதல் நாளே வந்துவிடுகிறது. அத்துறையில் பயன்படும் பைத்தான் நிரல்மொழியைக் கற்க ஆசையிருந்தால் இலவசப் பாடங்கள் ஏராளமாக உள்ளன. ஆய்வகத்தில் குவியும் எண்களிலேயே பழகிப் பாருங்கள்.

மாமாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவரிடம்தான் வரும். ஆனால் ஜாமீன் கையெழுத்து, தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. எந்தத் தொழிலில் இறங்குவது என்பதை முடிவுசெய்யும் உரிமையைத் தருவதில்லை. மேலும் ஒரு கடனை ஏற்றினால் அவருடைய பொறுப்பு எப்படிக் குறையும்? முதல் சம்பளத்திலிருந்தே தவணையைத் தொடங்கி, மாதாமாதம் வங்கிக் கணக்கு அறிக்கையை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ஆராய்ச்சியில் நாட்டம் உண்டானால் இரண்டு ஆண்டு கழித்து முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேதியியலில் மாதாந்திர உதவித்தொகையுடன் கூடிய இடங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் மட்டும் போங்கள், அதற்காகக் கடன் வாங்காதீர்கள். அந்த உதவித்தொகையில் பழைய தவணையையும் கட்ட முடியுமா என்பதை அப்போது மறுபடி கணக்கிடுங்கள்.